சோப்பு வாங்க ஒரு குரல்

சோப்பு வாங்கும்போது அவன் போலீஸ்காரன். கட்டைவிரலை இடுப்பு பெல்ட்டில் சொருகிக்கொண்டு, குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, "ஒரு துணி சோப்பு. நீலக் கவர் போட்டது. சீக்கிரம் ஆகட்டும்" என்பான். கடைக்காரர் மற்றவர்களை நிற்க வைத்துவிட்டு அவனுக்கு முதலில் எடுத்துக் கொடுப்பார். பக்கத்திலேயே இஸ்திரிக் கடை. அங்கே போய் நின்றதும் ஆள் மாறிவிடுவான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓய்வு பெற்ற வாத்தியார் மாதிரி, "காலரை மட்டும் கொஞ்சம் பார்த்துத் தேய்ங்கப்பா, அவசரமில்ல" என்று இழுப்பான். பேருந்தில் ஏறினால் தலையை ஒரு பக்கம் சாய்த்து மூக்கால் பேசும் வியாபாரி. இத்தனைக்கும் வயது இருபத்தாறுதான். உடம்பைப் பார்த்தால், பலமாகத் தும்மினால் கீழே விழுந்துவிடுவானோ என்றிருக்கும்.

உள்ளதைச் சொல்ல ஒரு குரல் போதாதா? நல்லவனுக்கு எதற்கு இத்தனை? எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இந்தப் பிள்ளையாண்டானைப் பற்றி எனக்கு முதல் நாளே எழுந்த கேள்வி இது. அப்போதாவது வாடகைக்கு இருக்கிறவன், எப்படியோ போகட்டும் என்று விட்டிருக்கலாம். இப்போது இவனுக்குத்தான் எங்கள் வீட்டுப் பெண்ணைக் கொடுக்க வேண்டுமாம்! யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? போலீஸ்காரனுக்கா, வாத்தியாருக்கா, மூக்கால் பேசுகிறவனுக்கா?

என் சந்தேகத்தை நீங்கள் கிழவியின் புத்தி என்று தள்ளிவிடக் கூடாது. நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போன் மேசையில் உட்கார்ந்திருந்தவள். தலை கறுப்பாக இருந்தபோது போய் உட்கார்ந்து, நரைத்த பிறகு எழுந்து வந்தேன். முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டே ஒரு ஆயுள் போயிருக்கிறது. "ரொம்ப அவசரம், டாக்டர்கிட்ட குடுங்க" என்பவனில் யாருக்கு நிஜமாகவே அவசரம், யார் மருந்துக் கம்பெனிக்காரன் என்று இரண்டாவது சொல்லிலேயே சொல்லிவிடுவேன். எனக்கே கனத்த குரல். முதல் தடவை பேசுகிறவர்கள் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த மூன்று நான்கு பேரின் குரலையும் நான் நம்பவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணி இறந்துபோனபோது அவருடைய மகளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. நான்தான் வளர்த்தேன். அதே ஆஸ்பத்திரியில் இப்போது அவளுக்கு வேலை. கால் ஒடிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி நடக்கப் பழக்குகிற வேலை. அண்ணன் பேருந்துப் பணிமனையில் டயர் பார்க்கிறவர். டயரைக் கட்டையால் ஒரு தட்டு தட்டி, காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனுஷனைத் தட்டிப் பார்க்க மட்டும் தெரியாது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாடியறையை இவனுக்கு விட்டார்.

"படிக்கிற பையன்மா. அடக்கமானவன்."

"என்ன படிக்கிறானாம்?"

"நாடகமும் பேச்சும்."

"அதுக்கெல்லாம் காலேஜ் வெச்சிருக்காங்களா? நம்ம தெருவுல பாதிப்பேரு படிக்காமலே பட்டம் வாங்கிடுவாங்களே!"

அண்ணன் சிரித்தார். எதற்கும் சிரிக்கிற மனுஷர்.

படிப்பு என்றால் புத்தகமும் கையுமாக உட்காருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவன் படிப்பே வேறு. காலையில் துணி காயப் போட மாடிக்குப் போனால், வெறும் தரையில் மல்லாக்கப் படுத்திருப்பான். வயிற்றின்மேல் தலையணை கனத்துக்கு ஒரு அகராதி. மூச்சு இழுத்தால் அகராதி மேலே போகும், விட்டால் கீழே வரும். கூடவே "ம்ம்ம்" என்று வண்டு மாதிரி ஒரு முனகல். ஒரு நாள் பென்சிலைக் குறுக்கே கடித்துக்கொண்டு, குடிநீர் வாரியம் ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பைச் சுவரைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். இன்னொரு நாள் தபால்காரருக்குப் பின்னாலேயே தெருக்கோடி வரை போனான். அவர் நின்றால் நின்றான், திரும்பினால் திரும்பினான். ஒருவர் நடையைப் பார்த்துப் படித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம் கல்லூரியில். அந்தத் தபால்காரருக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். அதையும் சேர்த்து நடந்துகொண்டே மாடிப்படி ஏறினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கூட்டாளிகள் ஒரு நாள் வந்தார்கள். வாசலில் நின்று "ரேடியோ! டேய் ரேடியோ!" என்று கத்தினார்கள். எதற்கு அந்தப் பெயர் என்று கேட்டேன்.

"எந்த ஸ்டேஷன் வேணும்னாலும் வைக்கலாம் ஆன்ட்டி, அதான்" என்றான் ஒருவன்.

"சொந்த ஸ்டேஷன் எது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது தெரியல" என்றான். பார்த்தீர்களா? கூடவே படிக்கிறவனுக்கே தெரியவில்லை.

என்னிடம் பேசும்போது அவன் செய்தி வாசிப்பவன். சட்டைக் காலரை ஒரு தடவை தொட்டுக்கொள்வான். "வணக்கம் அம்மா. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. மோட்டாரை நிறுத்திவிடலாம்." எழுத்துப் பிசகாமல், ஏற்ற இறக்கத்தோடு, நாட்டில் எங்கோ வெள்ளம் வந்ததைச் சொல்வதுபோலச் சொல்வான். மரியாதைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நம் வீட்டு மோட்டாரைப் பற்றி இப்படியா ஒருத்தன் பேசுவான்? காதில் பூச்சுற்றுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம், கூரைக்கு மேலே சண்டை. ஒருவன் கெஞ்சுகிறான். இன்னொருவன், "சாயங்காலத்துக்குள்ள நீ வாயைத் திறக்கலன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று மிரட்டுகிறான். நடுவில் ஒரு பெண்பிள்ளை அழுகிறாள். காதை நம்பிப் பிழைத்தவள் நான், காது சொன்னால் கேள்வியில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு படியேறினேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவன் ஒருத்தன் மட்டும் நாற்காலி மேல் நின்றிருந்தான். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன். அலமாரிக்குப் பின்னாலும் பார்த்தேன். "மற்றவர்கள் யாரும் இல்லை அம்மா" என்று செய்தி வாசித்தான். இறங்கி வந்து அண்ணனிடம் சொன்னால், அவருக்குச் சிரிப்பு அடங்க ஒரு மணி நேரம் ஆனது.

சிரிக்கிற விஷயமில்லை இது. மாடிப்படிக்கு அடியில் எங்கள் பெண்ணும் அவனும் நிற்பதை ஜன்னல் வழியாக அடிக்கடி பார்க்க ஆரம்பித்தேன். வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்பாள். பேசுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், ஒரு சத்தமும் வராது. அவன் வாயைப் பாதி திறந்துகொண்டு சுவரைப் பார்ப்பான். அவள் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவு நேரம் பேசாமல் நிற்பதற்கு இரண்டு பேர் எதற்கு? தெருவெல்லாம் விதவிதமாகப் பேசுகிறவன் இவளிடம் மட்டும் ஊமையாக இருப்பானேன்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இது நம் வீட்டையே கெடுக்கப் போகிறது என்று நினைத்தேன்.

நினைத்து முடிப்பதற்குள் அவளே வந்து சொன்னாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, நான் அவரைத்தான் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

"எவரை?"

"மாடியில இருக்கிறவரை."

"மாடியில ஒரு ஊரே இருக்கே, அதுல எவரைன்னு கேக்கறேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணனிடம் போனால், "நீ வளர்த்த பொண்ணு. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்று சொல்லிவிட்டு டயர் பார்க்கப் போய்விட்டார். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் தப்பித்துக்கொண்டார். சரி என்று சொல்லி, நாளைக்கு அவன் ஏமாற்றுக்காரன் என்று தெரிந்தால் அந்தக் குழந்தை எங்கே போவாள்? வேண்டாம் என்று சொன்னால் என்னை மீறமாட்டாள், ஆனால் அப்புறம் என் முகத்தையும் பார்க்கமாட்டாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்போது பார்த்துத்தான் தண்ணீர் வராமல் போனது. தெருவுக்கே வரவில்லை. குடிநீர் வாரியத்துக்கு நேரில் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அங்கே மேசையில் இருந்தவர் நான் வாயைத் திறந்து "எங்க தெருவுல" என்றதுமே எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, நீங்களா! காலையில போன்ல அந்தக் கத்து கத்தினீங்களே! ஆளை அனுப்பிட்டோம்மா. குழாய் அடைப்பாம். சாயங்காலம் வந்துரும். இனிமே மேலதிகாரிகிட்ட எல்லாம் போகாதீங்க."

"நான் எங்கப்பா போன் பண்ணேன்?"

"இந்தக் குரலை மறக்க முடியுமாம்மா? 'யாரு? உன் பேரு என்ன? நீ எதுக்கு அந்த நாற்காலியில உக்காந்திருக்கே?'ன்னு கேட்டீங்களே!"

அது நான் கேட்கிற கேள்விதான். ஆனால் நான் கேட்கவில்லை. அந்த அலுவலகத்து மின்விசிறிக்குக் கீழே நின்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. எல்லாத் திருட்டையும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருத்தியின் குரலைத் திருடுவதைக் கேள்விப்பட்டதில்லை. இன்றைக்குத் தண்ணீர் கேட்டான். நாளைக்கு என் குரலில் பேங்குக்குப் பேசமாட்டானா? ஆஸ்பத்திரிக்குப் பேசி எங்கள் பெண்ணை எங்கேயாவது வரச்சொல்ல மாட்டானா?

வீட்டுக்கு வந்ததும் அவனைப் படியிலேயே மடக்கினேன்.

"வாரியத்துக்குப் போன் பண்ணியா?"

காலரைத் தொட்டான். "ஆமாம் அம்மா."

"என் குரல்ல?"

காலரிலிருந்து கை இறங்கிவிட்டது. வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கண் இறுக மூடிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. மேடையில் செத்துப் போகிற காட்சி போல இருந்தது எனக்கு.

"போதும், நடிக்காதே! இதையெல்லாம் காலேஜுல வெச்சுக்கோ!" என்று கத்தினேன்.

அவன் கண்ணைத் திறந்தான். காலரைத் தொட்டான். "மன்னிக்க வேண்டும் அம்மா. இனி நடக்காது" என்று சுத்தமாகச் செய்தி வாசித்துவிட்டு மேலே போனான். ஒரு நிமிஷம் முன்னால் மூச்சுத் திணறியவன் அடுத்த நிமிஷம் இப்படிப் பேசுகிறான் என்றால் அது நடிப்பில்லாமல் என்ன? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வேலையிலிருந்து வந்த பெண், நான் சொன்னதைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, அது நடிப்பில்ல. அதுதான் அவர். அவருக்குத் திக்கும்."

"திக்குதா! திக்குவாய்க்காரன் பேச்சுப் படிப்பு படிக்கிறானா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியேடி!"

"அதுக்குத்தான் படிக்கிறாரு. வேற யாரோட குரலாவது போட்டுக்கிட்டா அவருக்குத் திக்காது. சின்ன வயசுல ஸ்கூல்ல பேர் கூப்பிட்டா 'உள்ளேன்'னு சொல்ல வாய் வராதாம். எதிர்லயே உக்காந்திருப்பாராம், வரலைன்னு போட்டுருவாங்களாம். ஒரு நாள் பக்கத்துப் பையன் குரல்ல சொல்லிப் பார்த்திருக்காரு. வந்துருச்சு. அன்னையிலேருந்து இப்படித்தான். பேச்சுக்குன்னு ஒரு படிப்பு இருக்குன்னதும் ஓடிப்போய்ச் சேர்ந்திருக்காரு. கடையில சோப்பு பேரு சொல்ல வராது. அதான் நீலக் கவர்னு கேக்குறாரு. அவருக்குக் காபின்னா உசுரு. வெளியில போனா டீதான் குடிப்பாரு. ஏன்னு நினைக்கறீங்க? காபின்னு கேக்க முடியாது."

"சரி. உன்கிட்ட எந்தக் குரல்?"

"என்கிட்ட எந்தக் குரலும் இல்ல. திக்குவாரு. ஒரு வார்த்தைக்கு ரொம்ப நேரம் ஆகும். நான் நின்னுட்டு இருப்பேன்."

"எடுத்துக் குடுக்க மாட்டியா?"

"நடக்கப் பழகறவங்களுக்கு முழங்கையைப் பிடிச்சுட்டே இருந்தா நடக்கவே மாட்டாங்க அத்தை. விழுந்தாப் பிடிச்சாப் போதும்."

மாடிப்படி அடியில் அந்தச் சத்தமில்லாத நிற்பு எனக்கு ஞாபகம் வந்தது. மனசு ஒரு கணம் இளகியது என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் உடனே மூளை வேலை செய்தது. காதலிக்கிறவள் சொல்கிற சாட்சி எந்தக் கோர்ட்டில் செல்லும்? அவளிடம் திக்குகிறான் என்பதே ஒரு வேஷமாக இருந்தால்? முடமானவர்களைப் பார்த்து மனம் உருகுகிற பெண்ணிடம் முடமாக வந்து நின்றால் வேலை சுலபம்தானே?

அவள் வாயால் கேட்டால் போதாது என்று, கடைசி வருஷ மாணவர்கள் மேடையில் செய்துகாட்டும் நாளன்று அந்தக் கல்லூரிக்கே போனேன். சொல்லாமல் போனேன். நீண்ட கூடம், மடக்கு நாற்காலிகள், கறுப்புத் துணி கட்டிய மேடை. முதலில் ஒரு பையன் வந்து திக்குவாய்க்காரனாக நடித்தான். "ப-ப-ப-பஸ்ஸு" என்று முதலெழுத்தை மணி மணியாக உருட்டினான். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மேடை ஓரத்தில் தன் முறைக்காக நின்றிருந்த நம் ஆள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் அதற்கு இரண்டு அர்த்தமும் சொல்லலாமே.

பிறகு அவன் வந்தான். ஒரே ஆள், ஒரு குடும்பத்தின் சொத்துச் சண்டையை நடத்தினான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், சமாதானம் பேச வந்து சண்டையைப் பெரிதாக்குகிற பக்கத்து வீட்டுக்காரர். ஒரு இடத்தில்கூட நாக்கு தடுமாறவில்லை. அந்த அம்மா பேசியபோது எனக்கே கண் கலங்கியது. முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். என் கைகளும் தட்டப் போயின. மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இப்படிப் பேசுகிறவனுக்கா திக்கும்?

பேச்சுப் பாடம் நடத்துகிற அம்மாளைத் தேடிப் பிடித்தேன். கிராப்பு வெட்டிய தலை, நேராகப் பார்க்கிற கண்.

"இவனுக்குத் திக்கும்கிறாங்களே, நெசமா?"

"மேடையில திக்காது" என்றார். "மேடையை விட்டு இறங்கினா, அவன் குரலை நான் கேட்டதே இல்லம்மா. எங்க பாடத்துல கடைசியா ஒரு பரீட்சை உண்டு. வேஷம் இல்லாம, பாத்திரம் இல்லாம, தானா நின்னு தன்னைப் பத்திப் பேசணும். மத்தது எல்லாத்துலயும் அவன்தான் முதல். அதுல மட்டும் தோத்துப் போயிருக்கான். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் குரல்ல ஆரம்பிப்பான். 'இது யாரு?'ன்னு கேப்பேன். இறங்கிப் போயிடுவான்."

"அவன் திக்கி நீங்களும் கேட்டதில்லையா?"

"இல்ல. அவன் எழுதிக் காட்டினதுதான்."

திரும்பி வரும் வழியெல்லாம் இதையே போட்டுப் பிசைந்தேன். மூன்று வருஷம் பாடம் நடத்தினவரே கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. எல்லாருக்கும் அவனே சொன்னதுதான். கேட்டதாகச் சொல்கிறவள் எங்கள் பெண் ஒருத்தி. ஒருவேளை அவள் சொல்வது உண்மையாக இருந்தால், படியில் அன்றைக்கு நான் செய்தது பெரிய பாவம். பொய்யாக இருந்தால், இவனை மாதிரிக் கெட்டிக்காரத் திருடன் உலகத்தில் இல்லை. நடுவில் எதுவும் கிடையாது.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. வந்து எங்களைப் பொண்ணு கேக்கட்டும். தனியா வரணும். யாரையும் கூட்டிட்டு வரக்கூடாது, வாய்க்குள்ளகூட. நீயும் எதிர்ல இருக்கக் கூடாது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவருக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியல அத்தை."

"தெரிஞ்சுக்கத்தான் கூப்பிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நானும் அண்ணனும். அண்ணனோ, தன்னைத்தான் யாரோ பெண் பார்க்க வந்திருப்பது போல நெளிந்துகொண்டிருந்தார்.

அவன் காலரைத் தொட்டான். "வணக்கம். இன்று நான் வந்திருக்கும் நோக்கம்..."

"இவரு செய்தி வாசிக்கிறவரு" என்றேன். "இவருக்கு எங்க பொண்ணு இல்ல."

கையை எடுத்துவிட்டான். கட்டைவிரல் பெல்ட்டுக்குப் போனது. "இத பாருங்க, நான் சுத்தி வளைச்சுப் பேச..."

"இவரு சோப்பு வாங்க வந்தவரு. கடை தெருவுல இருக்கு."

அண்ணன் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றினான். நான் தலையாட்டியதும் மறுபடி மாட்டிக்கொண்டான். நெற்றியெல்லாம் வியர்வை. அப்புறம் எங்கிருந்தோ, கனமாக, அதட்டலாக, என் குரலே வந்தது. "யாரு? எதுக்கு இப்ப..."

"அது என்னுது" என்றேன். "எடுத்த இடத்துல வை."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. எடுத்துப் போட்டுக்கொள்ள இனி ஒன்றும் மிச்சமில்லை என்று முகத்தில் தெரிந்தது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். பரீட்சையில் அப்படித்தானே போனான். நாற்காலி ஒரு தடவை பின்னால் நகரவும் செய்தது. ஆனால் உட்கார்ந்துகொண்டான். தொடுவதற்குக் காலரும் இல்லை, பெல்ட்டும் இல்லை என்பதுபோல இரண்டு கையையும் மேசைமேல் வைத்தான். கைகளை என்ன செய்வது என்று தெரியாத ஒருத்தன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"எ..." என்றான். நின்றுவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்கு அப்படிக் கேட்டுத்தான் பழக்கம். போன் மேசையில் இரண்டு விதமான மௌனம் உண்டு. ஒன்று, ஆள் வைத்துவிட்டுப் போன மௌனம். இன்னொன்று, ஆள் இருக்கிற மௌனம். டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயந்து, கேட்க வந்ததைக் கேட்க முடியாமல், அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த இணைப்பை நான் ஒரு நாளும் துண்டித்ததில்லை. இப்போது கேட்டது அந்த மூச்சு.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அன்றைக்குப் படியில் பார்த்த அதே கோணிய தாடை, அதே மூடிய கண். உதட்டோரத்தில் எச்சில். அந்தக் கல்லூரிப் பையன் உருட்டிய அழகான "ப-ப-ப" எதுவும் இதில் இல்லை. சத்தமே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை. பெண் கேட்க வந்த இடத்தில் எந்த நடிகனும் தன்னை இவ்வளவு அசிங்கமாகக் காட்டிக்கொள்ள மாட்டான். படியில் வைத்து இந்த முகத்தைப் பார்த்தா கத்தினேன்?

"எ...னக்கு" என்றான். "உங்க... பொண்ண..." ஒவ்வொன்றும் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது போல ஏறி வந்தது. எத்தனையோ பேர் குரலில் ஊரையே மயக்கியவனின் குரல் இதுவா? மெல்லிய குரல். சாதாரணக் குரல். தெருவில் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். "ரொம்..." மறுபடி நின்றது. "ரொம்பப்..." அடுத்த சொல்லில் தாடை பூட்டிக்கொண்டது. ஒட்டிய உதடு பிரியவில்லை. முகம் சிவந்து கறுத்தது. அண்ணன் தாங்க முடியாமல் தண்ணீர் எடுக்க எழுந்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் கொலுசில்லாத ஒரு கால் இடம் மாறி நின்றது. அவள் வரவில்லை.

என்ன சொல்ல வருகிறான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனை பேருக்கு எத்தனை வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! இதைக் கொடுத்து இவனை விடுவித்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

மேசைமேல் சும்மா கிடந்த அவன் வலது கை எழுந்தது. கண்ணைத் திறக்காமலே, உள்ளங்கையை என் பக்கம் காட்டி, பொறுங்கள் என்றது. அண்ணன் தம்ளரோடு பாதி வழியில் நின்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சொல்லை அவனே முழுசாகச் சொல்லி முடிக்கும் வரை கை இறங்கவில்லை.